சிஸ்டர் ஏன் சிரிப்பதில்லை?



சென்ற மழைக்காலத்தில் என் அத்தையாரைத் தென்சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒன்பது இரவுகள் நான் அவருக்குத் துணையிருந்தேன். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஏனெனில் நான் சொல்லப்போவது அந்த மருத்துவமனையின் குற்றத்தை அன்று; நான் இழைத்த ஒரு தவற்றை.

மூன்றாம் நாள் இரவு, மணி பத்தரை இருக்கும். அத்தை சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார். படுக்கையை விட்டு அசையக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. அழைப்பு மணியை அழுத்தினேன். ஐந்து நிமிடம் சென்றது, பத்து நிமிடம் சென்றது, யாரும் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து ஓர் இளம் செவிலியர் வந்தார். அதற்குள் அத்தை படுக்கையை நனைத்துவிட்டு, வெட்கம் தாளாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "எத்தனை முறை மணி அடிப்பது?" என்று நான் இரைந்தேன். "ஒவ்வொருத்தராத்தானே சார் பார்க்க முடியும்" என்று அந்தப் பெண் என் முகத்தைப் பாராமலே சொன்னார். விரிப்பை மாற்றினார், ஈரத்தைத் துடைத்தார், வேறொரு வார்த்தை பேசாமல் வெளியேறினார்.

மறுநாள் காலை புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அரைப் பக்கம் எழுதினேன். 'கடமையில் அலட்சியம், பேச்சில் கனிவின்மை, முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டபோது, ஏதோ நியாயத்தை நிலைநாட்டிய நிறைவு எனக்கு.

அன்று மாலை தலைமைச் செவிலியர் எங்கள் அறைக்கு வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், நிதானமானவர். முதலில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், நீங்க எழுதினது தப்புன்னு சொல்ல வரல. அம்மா பட்ட கஷ்டம் கஷ்டம்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அந்தப் பொண்ணு நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கே டூட்டிக்கு வந்தவ. நைட்டுக்கு வரவேண்டிய நர்ஸ் காய்ச்சல்னு வரல. வேற ஆள் இல்ல, இவளையே நிறுத்திட்டோம். பதினாறு பேஷண்ட். அதுல நாலு பேர் நேத்துதான் ஆப்பரேஷன் ஆனவங்க. நீங்க மணி அடிச்சப்போ அவ கடைசி ரூம்ல இருந்தா. அங்க ஒருத்தருக்கு பி.பி. திடீர்னு இறங்கிடுச்சு. அவரை விட்டுட்டு வர முடியல. இப்போ அவகிட்ட எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்க."

மதியம் இரண்டு மணி முதல் மறுநாள் காலை ஏழு மணி வரை! பதினேழு மணி நேரம் நின்றும் நடந்தும் ஓடியும் உழைத்த ஒரு பெண்ணிடம் 'சிரிப்பு இல்லை' என்று நான் குற்றம் கண்டிருக்கிறேன். அந்த நாள் முதல் என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். நம் செவிலியர்கள் ஏன் சோர்ந்து போகிறார்கள்? அது அவர்கள் குணத்தின் குறையா, அல்லது அவர்கள் உழைக்கும் இடத்தின் குறையா?

களைப்பு வேறு, சோர்வு வேறு

உழைத்தவன் களைப்பது இயற்கை. ஓர் இரவு நன்றாக உறங்கினால் களைப்பு தீரும். ஆனால் உறங்கியும் தீராத ஒரு சோர்வு உண்டு. 1974 ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்ற உளவியல் அறிஞர் அதைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் அவர் தொண்டாற்றியவர். மிகுந்த ஆர்வத்தோடு வந்த தொண்டர்களே சில மாதங்களில் எரிச்சலும் வெறுமையும் கொண்டவர்களாக மாறுவதைக் கண்டார்; தம்மிடமே அதைக் கண்டார். விளக்கு எரிந்து எரிந்து எண்ணெய் தீர்ந்துபோவது போன்ற நிலை அது. 'பணிச்சோர்வு' என்று நாம் அதை அழைக்கலாம்.

1981 இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு பெண் அறிஞர்கள் அதை அளந்தறிவதற்கான கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019 மே மாதத்தில் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தது. மூன்று அடையாளங்கள்: உடலும் உள்ளமும் வற்றிப்போதல், செய்யும் வேலையின் மீதே வெறுப்பும் விலகலும் தோன்றுதல், 'என்னால் என்ன பயன்?' என்று தன் திறமையையே ஐயுறுதல். அந்த நிறுவனம் இதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நீடித்து நிற்கும் நெருக்கடி சரிவரக் கையாளப்படாததால் விளைவது என்றே சொல்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்றால் மருந்தும் அங்கேதான் இருக்கவேண்டும் அன்றோ?

முகத்தைப் பாராமல் பேசிய அந்தச் செவிலியரை இப்போது எண்ணிப் பாருங்கள். நான் 'அலட்சியம்' என்று எழுதினேன். அது இரண்டாம் அடையாளமாகவும் இருந்திருக்கலாம்.

ஆறு காரணங்கள்

மாஸ்லாக் அம்மையாரும் மைக்கேல் லைட்டர் என்பவரும் 1997 இல் எழுதிய நூல் ஒன்றில், பணிச்சோர்வு விளையும் ஆறு வாயில்களைக் காட்டுகிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளை மனத்தில் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வேலைச்சுமை. இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மருத்துவமனைக்கு ஞாயிறு இல்லை, தீபாவளி இல்லை, கிறிஸ்துமஸ் இல்லை; ஆண்டில் 365 நாளும் திறந்திருக்க வேண்டும். ஆனால் செவிலியருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும். அது 52 நாள். தற்செயல் விடுப்பு 12 நாள் என்றும், பண்டிகை, நோய் முதலியவற்றுக்கு ஏறக்குறைய 20 நாள் என்றும் கொண்டால், ஒருவர் ஆண்டில் வேலை செய்யக்கூடிய நாட்கள் 281 தாம். ஆகவே ஓர் இடத்தை ஆண்டு முழுவதும் நிரப்ப ஒருவர் போதாது. ஒன்றே முக்காலே அரைக்கால் வேண்டாம், ஏறக்குறைய 1.3 பேராவது வேண்டும். ஒரு நாளில் மூன்று பணிவேளை. எனவே இரவும் பகலும் ஒரு செவிலியர் நிற்கவேண்டிய ஓர் இடத்துக்கு நான்கு பேரை நியமித்தாக வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்கள் விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதலாக ஆள் வைக்கச் சொல்வதன் பொருள் இதுவே. போதனா மருத்துவமனையின் பொதுப் பிரிவில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் பணியிடம் என்பது அந்த அளவுகோல். மூன்று வேளைக்கும் பகிர்ந்தால் ஒரு வேளையில் ஒன்பது பேருக்கு ஒருவர்.

அந்தக் கூடுதல் ஆள் இல்லாதபோது என்ன நேரும்? ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் வீட்டுக்குப் போக முடியாது. 'டபுள் டூட்டி' என்பது அவசரத்துக்கு நேர்வது என்று நாம் எண்ணுகிறோம். ஆள் எண்ணிக்கையை முதலிலேயே குறைத்து வைத்த இடத்தில் அது அவசரம் அன்று. மாதந்தோறும் வந்தே தீரும் கணக்கு. ஆறு மணி நேரப் பணிவேளையில், பொறுப்பை ஒப்படைப்பதற்கும் ஏற்பதற்கும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, எஞ்சிய 300 நிமிடத்தைப் பதினைந்து நோயாளிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு இருபது நிமிடம். மாத்திரை, ஊசி, டிரிப்ஸ், இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை, புண்ணுக்குக் கட்டு, மருத்துவர் சுற்றி வரும்போது உடன் செல்லுதல், எல்லாவற்றையும் ஏட்டில் எழுதுதல் யாவும் அந்த இருபது நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். சிரிப்புக்கு அதில் எத்தனை நிமிடம் ஒதுக்குவது?

இரண்டாவது, தன் வேலையின் மீது தனக்கே அதிகாரம் இல்லாமை. அடுத்த வாரம் பகலா இரவா என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. தெரிந்தாலும் நிலைப்பதில்லை. தம்பி திருமணத்துக்குக் கேட்ட விடுப்பு கடைசி நேரத்தில் மறுக்கப்படும். இதோடு, செவிலியர் வேலையே அல்லாத வேலைகளும் வந்து சேர்கின்றன: மருந்தகத்துக்குச் சீட்டு அனுப்புதல், காப்பீட்டுத் தாள்களைத் தேடுதல், பில் பாக்கிக்காக உறவினரைக் கேட்டல். படித்தது நோயாளியைப் பேண. நாளின் பாதி போவது தாள்களைப் பேண.

மூன்றாவது, உழைப்புக்கேற்ற கூலியும் மதிப்பும் இல்லாமை. நம்மில் பலரும் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2015 ஆம் ஆண்டில் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்த முறையில் நியமித்தது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்தன. பெரும்பாலோருக்கு நம்பிக்கை மட்டுமே மிஞ்சியது. 2017 நவம்பர் 27 அன்று மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த செவிலியர்கள் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டிய டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தார்கள். இரவும் அங்கேயே கழிந்தது. அத்தியாவசியப் பணியில் இருப்போர் இவ்வாறு வேலையை நிறுத்தலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, போராட்டம் முடிந்தது. பின்னர் தொகுப்பூதியம் 14,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த நாட்களில் பேருந்தில் அவ்வழியே சென்ற நம்மில் எத்தனை பேர், 'நோயாளிகளை விட்டுவிட்டு இவர்களுக்கு இங்கே என்ன வேலை?' என்று முணுமுணுத்தோம்! 7,700 ரூபாயில் சென்னையில் ஒரு பெண் எப்படி வாழ்வாள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

தனியார் துறையிலும் நிலைமை அதுவே. 2012 மார்ச் மாதத்தில் சென்னையின் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் செவிலியர் வேலை நிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு, குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டுப் போகவிடாமல் கட்டிவைக்கும் 'பாண்டு' முறையை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராய ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. கேரள அரசு 2018 இல் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச ஊதியமாக அந்தத் தொகையை அறிவித்தது. பரிந்துரை வேறு, சட்டம் வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, தோழமையின்மை. கன்னியாகுமரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், கேரளத்திலிருந்தும், தொலைவிலுள்ள மணிப்பூரிலிருந்தும் வந்த பெண்கள் இந்நகரில் செவிலியராக இருக்கிறார்கள். விடுதியில் ஓர் அறையில் நால்வர். ஒருத்தி உறங்கும்போது ஒருத்தி புறப்படுகிறாள். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல மூத்தவர் இல்லாவிட்டால், மருத்துவர் வைவதையும் உறவினர் வைவதையும் தனியே விழுங்க வேண்டியதுதான். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் சுடுசொல்லுக்கு எந்தச் சட்டம் இருக்கிறது?

ஐந்தாவது, நியாயமின்மை. ஒரே வார்டு, ஒரே சீருடை, ஒரே வேலை. ஆனால் நிரந்தரமானவருக்கு ஒரு சம்பளம், ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அதில் ஒரு சிறு பங்கு. கொரோனாக் காலத்தில் 'முன்களப் பணியாளர்' என்று நாம் கைதட்டினோம், விளக்கேற்றினோம். அக்காலத்தில் தற்காலிகமாக நியமிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகு வேலை இல்லை என்று கேட்டவர்களின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்?

ஆறாவது, எல்லாவற்றிலும் கொடியது: சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமை. படுத்தே கிடக்கும் நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று செவிலியர் பள்ளியில் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். பதினாறு பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. புண் வந்த பிறகு அதற்குக் கட்டுப் போடுகிறவரும் அவரே. ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறநெறி அறிஞர் 1984 இல் இந்த வேதனைக்கு ஒரு பெயரிட்டார். 'அறத்துயர்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மனச்சாட்சி இல்லாதவருக்கு இந்தத் துயர் வராது. நல்ல செவிலியரே முதலில் எரிந்து தீர்கிறார் என்பதன் இரகசியம் இதுதான்.

இழப்பு யாருக்கு?

'செவிலியருக்குக் கஷ்டம் என்றால் அது அவர்கள் பாடு, நிர்வாகத்தின் பாடு, நமக்கென்ன?' என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்காக ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியை தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள் ஆராயப்பட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரும், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளும் அதில் அடங்குவர். 2002 இல் முடிவுகள் வெளியாயின. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும், செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. அதோடு, நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியது. அதாவது செவிலியரைச் சோர்வடையச் செய்யும் அதே காரணம்தான் படுக்கையில் இருக்கும் நம் தாயின் உயிரையும் தொடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999 இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு கட்டியது. முடியாத காரியம் அன்று இது; மனம் வேண்டும், பணமும் வேண்டும்.

'சிஸ்டர்' என்ற சொல்

இங்கே ஒரு பெரியவர் குறுக்கிடக்கூடும்: "செவிலியர் பணி ஒரு தொண்டு. அந்தக் காலத்தில் கன்னியர்கள் கூலி கேட்டா பணி செய்தார்கள்? மணி பார்த்தா வேலை செய்தார்கள்?"

நியாயமான கேள்வி; நம் குடும்பங்களில்தான் இது அதிகம் எழும். தமிழ்நாட்டில் எந்தச் சமயத்தவரும் செவிலியரை 'சிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். ஆண் செவிலியரைக்கூட 'பிரதர்' என்கிறார்கள். துறவியர் மருத்துவமனைகளில் பணியாற்றிய மரபு விட்டுச் சென்ற அழகிய சொல் அது. ஆனால் அந்தக் கன்னியரின் வாழ்வை முழுமையாக நோக்குங்கள். அவர்களுக்கு ஒரு மடம் இருந்தது. மணி அடித்தால் உணவு. மணி அடித்தால் ஓய்வு. ஒருவர் நோயுற்றால் இன்னொருவர் அவர் இடத்தில் நிற்க ஒரு சபையே இருந்தது. முதுமையில் தாங்க ஆள் இருந்தது. இன்றைய 'சிஸ்டர்' இரவுப் பணி முடித்து, பேருந்தில் நின்றபடி வீட்டுக்குப் போய், பிள்ளைக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, வீட்டு வாடகைக்கும் படிப்புக் கடனுக்கும் கணக்குப் பார்க்கிறார். கன்னியருக்கு இருந்த தாங்குகோல்களை எல்லாம் எடுத்துவிட்டு, கன்னியரின் தியாகத்தை மட்டும் அவரிடம் கேட்பது எப்படி நியாயமாகும்? தொண்டு என்பது ஒருவர் தாமாகக் கொடுப்பது. ஆள் போடாமல் பிடுங்கிக்கொள்வதற்குத் தொண்டு என்று பெயரில்லை.

செவிலியர் கலையின் தாய் என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலே இதை அறிந்திருந்தார். கிரிமியப் போருக்குப் போவதற்கு முன், 1853 இல், இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவர் முதலில் கேட்டவை என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரவேண்டும். உணவை மேலே ஏற்ற ஓர் இழுவைப் பெட்டி வேண்டும். எந்த நோயாளி அழைக்கிறார் என்று காட்டும் மணிகள் வேண்டும். இவை இல்லாவிட்டால் செவிலியர் என்பவர் வெறும் இரண்டு கால்களாக ஆகிவிடுவார் என்பது அவர் வாதம். கையில் விளக்கேந்திய அம்மையார் என்றே அவரை நாம் நினைக்கிறோம். அவர் அதற்கு முன்பே படிக்கட்டுகளை எண்ணியவர். 1871 இல் நம் சென்னைப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவியரோடு செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் நம் செவிலியரில் பலர் இன்னும் இரண்டு கால்களாகவே இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

ஊதியத்தையும் ஆள் எண்ணிக்கையையும் மாற்றும் அதிகாரம் நம் எல்லாரிடமும் இல்லை. எனினும் செய்யக்கூடியவை சில உண்டு.

நம்மில் சிலர் மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், புதிய கட்டடம் பற்றிப் பேசுமுன், 'சென்ற மாதம் எத்தனை டபுள் டூட்டி?' என்ற ஒரு கேள்வியை அவர்கள் கேட்கட்டும். அந்த ஓர் எண் பல உண்மைகளைச் சொல்லும். நோயாளியைச் சேர்க்கும் நாம், அறையில் குளிர்சாதனம் உண்டா என்று கேட்பதோடு, இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேட்கலாம். நூறு பேர் கேட்டால் நிர்வாகம் பதில் தேடத் தொடங்கும்.

நோயாளிக்குத் துணையிருப்போர், தண்ணீர் எடுப்பது, போர்வையைச் சரிசெய்வது போன்ற சிறு வேலைகளைத் தாமே செய்யட்டும். மணியை அழுத்துமுன் நமக்குத் தேவையானவற்றைச் சேர்த்து வைத்து ஒரே முறையில் சொன்னால் ஒருவருக்கு நான்கு நடை மிச்சம். ஆனால் மூச்சுத் திணறலோ, நெஞ்சுவலியோ, இரத்தக் கசிவோ கண்டால் ஒரு நொடியும் தயங்கலாகாது.

உங்கள் மருமகளோ மகளோ செவிலியராக இருந்தால், இரவுப் பணிக்குப் பிந்திய பகல்தான் அவளுக்கு இரவு. சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். 'பகலெல்லாம் தூங்குகிறாள்' என்ற சொல் உங்கள் வாயில் வரவேண்டாம். அந்த நாளில் சமையலைக் கணவர் ஏற்றால் குடும்ப கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. அவள் வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தாலோ, எதிலும் பற்றில்லாமல் பேசினாலோ, 'குணம் மாறிவிட்டது' என்று தீர்ப்பளிக்காமல், 'இந்த வாரம் எத்தனை இரவு?' என்று கேளுங்கள். சோர்வு நீடித்து, வாழ்வே வெறுத்ததுபோல் பேசினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்காதீர்கள்.

மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோர், வேலையில் சேரும்போது எதில் கையெழுத்திடுகிறாள் என்பதை உடனிருந்து படித்துப் பாருங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் அடகுப் பொருள் போல ஒப்படைக்க விடாதீர்கள்.

இனி என் கதையை முடிக்கிறேன். தலைமைச் செவிலியர் சொன்னதைக் கேட்ட அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் காலை புகார்ப் புத்தகத்தை மீண்டும் கேட்டேன். எழுதியதை அடிக்க விடவில்லை, அதற்கு வழியில்லையாம். அதன் கீழே இவ்வாறு எழுதினேன்: 'என் அத்தைக்கு நேர்ந்தது உண்மை. ஆனால் என் புகார் அந்தச் செவிலியர் மீது அன்று. ஒருவரைப் பதினேழு மணி நேரம் பதினாறு நோயாளிகளோடு தனியே நிறுத்திய ஏற்பாட்டின் மீது.' கண்காணிப்பாளரை நேரில் கண்டும் அதையே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், "பார்க்கிறோம்" என்றார்.

அந்தப் பெண்ணை மீண்டும் ஒருமுறைதான் பார்த்தேன். எட்டாம் நாள் மாலை, அத்தைக்கு ஊசி போட வந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் தொண்டையில் நின்றுவிட்டன. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன். ஊசியை உறையில் போட்டுக்கொண்டே, "இனிமேதான் சார்" என்றார். அப்போது மணி ஐந்து. மதிய உணவைத்தான் நான் கேட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அவர் சிரிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.